முருகன் எப்படி மரகன ஆனார்: டீஃபால்ட் என்கோடிங்கை யார் கையில் விடுவது?

ஏற்காட்டில் எங்களுக்கு வேலை கொடுக்கும் ஒரு காபி எஸ்டேட்டில், பறிப்புக் காலத்தின் முதல் வாரச் சம்பளப் பட்டியலில் முருகன் 'மரகன' ஆகியிருந்தார். எழுத்துகளுக்கு நடுவே கறுப்பு வைரக் குறியும் கேள்விக்குறியும். ஏழுமலை வெறும் 'ழமலை'. ஆனால் ராமாயி ராமாயியாகவே இருந்தார். காளியும் மாரியும்கூட அப்படியே. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஃபோனில் கேட்டார்: "தம்பி, இந்த மரகன யாருங்க? நம்ம செக்ரோல்ல அப்படி ஆளே இல்லையே." செக்ரோல் என்றால் வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு.

சில பெயர் கெட்டு, சில பெயர் பிழைத்திருந்தால் தட்டச்சு செய்தவர் மேல்தான் முதலில் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. பாவம், அவர் தட்டியதில் ஒரு குறையும் இல்லை.

கூலி கணக்குப் போடும் புரோகிராம் ஜாவா 8-இல் எழுதியது. எங்களுக்கு முன்னால் யாரோ எழுதி, எங்கள் தலையில் வந்து விழுந்தது. எடை போட்ட விவரம் ஒரு சிஎஸ்வி ஃபைலாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் உரையாக வரும். அதைப் படித்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலியைச் சேர்த்து, இன்னொரு சிஎஸ்வியாக எழுதும். போன பருவம் வரை அது கீழே சேலத்தில், ஐந்து ரோடு பக்கம் எங்கள் அலுவலகத்து லினக்ஸ் சர்வரில் ஓடியது. மழை வந்தால் மலையில் இணையம் படுத்துவிடுகிறது என்பதால், இந்தப் பருவத்தில் எஸ்டேட் அலுவலகத்து விண்டோஸ் லேப்டாப்பிலேயே வைத்துவிட்டோம். புரோகிராமில் ஒரு வரிகூட மாற்றவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதுதான் அதற்கு நடந்த ஒரே மாற்றம்.

அந்தப் புரோகிராம் எந்த என்கோடிங்கில், அதாவது எண்களை எழுத்தாக்கும் எந்த அட்டவணையில், படிக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால், புரோகிராமை ஓட்டும் ஒவ்வொரு ரன்டைமும் ஒவ்வொரு இயங்குதளமும் தன் பாட்டுக்கு ஒன்றை நினைத்துக்கொள்ளும். அதுதான் டீஃபால்ட். இதைச் சரிசெய்ய ஐந்தாறு வழி இருக்கிறது. ஒவ்வொன்றையும் பரிந்துரைக்க ஆள் இருக்கிறார்கள். எதை எடுத்தோம், எதை விட்டோம், ஏன் என்பதைச் சொல்வதற்கு முன் முருகனுக்கு என்ன ஆனது என்று பார்த்துவிடுவோம். தமிழுக்கென்றே இதில் ஒரு தனி வில்லங்கம் இருக்கிறது.

உகரத்துக்கும் புள்ளிக்கும் வந்த கண்டம்

ஃபைலுக்குள் எழுத்து என்று எதுவும் கிடையாது. 0 முதல் 255 வரையான எண்கள், பைட்டுகள், வரிசையாக இருக்கும். எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைதான் என்கோடிங். புத்தகத் தமிழில் குறியாக்கம். இன்று உலகம் பெரும்பாலும் ஒத்துக்கொண்ட அட்டவணை யூடிஎஃப்-8. 1992 செப்டம்பரில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து, மேசையில் தட்டுக்குக் கீழே விரிக்கும் தாளில் வரைந்தது.

யூடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்தும் துணைக்குறியும் தலைக்கு மூன்று பைட். 'சேலம்' என்பதில் ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என்று ஐந்து இருக்கின்றன. ஆகப் பதினைந்து பைட். மூன்றில் முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும்.

இப்போது விண்டோஸ் பக்கம் வருவோம். இங்கிலீஷ்-இந்தியா என்று அமைத்த விண்டோஸ் லேப்டாப்பில், யூனிகோடு (உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுப் பட்டியல்; யூடிஎஃப்-8 அதை பைட்டாக எழுதும் முறை) தெரியாத புரோகிராம்களுக்கு என்று ஒரு பழைய அட்டவணை ஒதுக்கப்பட்டிருக்கும். அது 1252 என்ற கோட் பேஜ். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காகச் செய்தது, எழுத்துக்கு ஒரு பைட். அதில் 224 என்றால் தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ'. 174 என்றால் வட்டத்துக்குள் அடைத்த 'ஆர்', அதாவது பதிவு செய்த வணிக முத்திரை. தமிழ் ஃபைலை எக்ஸெலில் திறந்தால் பக்கம் முழுக்க இந்த இரண்டும் மாறி மாறி வருமே, அதற்குக் காரணம் இதுதான். நம் எழுத்து ஒவ்வொன்றுக்கும் யாரோ டிரேட்மார்க் வாங்கிவிட்டது போல இருக்கும்.

1252 அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. அந்த எண்களுக்கு எந்த எழுத்தும் கிடையாது. நம் கெட்ட நேரம், உகரக் குறியின் மூன்றாவது பைட் 129. புள்ளியின் மூன்றாவது பைட் 141. ஏ என்ற உயிரெழுத்துக்கு 143. ஐ-க்கு 144. ஐந்து பள்ளத்தில் நான்கில் தமிழ் போய் விழுகிறது. மற்ற இரண்டையாவது தவிர்த்துவிடலாம். உகரமும் மெய்யெழுத்தும் இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுத முடியுமா? ராமாயி, காளி, மாரி பெயர்களில் இந்த நான்கும் இல்லை, தப்பித்தார்கள். முருகனில் இரண்டு உகரமும் ஒரு புள்ளியும். மூன்றும் போய், ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதியதைப் படிப்பது போல ஆகிவிட்டது.

ராமாயி எப்படித் தப்பித்தார் என்பதும் கவனிக்க வேண்டியது. அவர் பெயரும் தவறாகத்தான் படிக்கப்பட்டது. ஆறு எழுத்தும் குறியும் பதினெட்டு ஐரோப்பிய எழுத்துகளாக உள்ளே போயின. எழுதும்போதும் அதே தவறான அட்டவணை. அதனால் அதே பதினெட்டு பைட் வெளியே வந்தது. தப்பும் தப்பும் சேர்ந்து சரியாகிவிட்டது. சோதனைக்கு யாராவது 'ராஜா', 'கமலா' என்று இரண்டு பெயர் போட்டுப் பார்த்திருந்தால், எல்லாம் சரி என்று கையெழுத்தே போட்டிருப்பார்.

நிற்பதா, விழுங்குவதா

காலி இடத்தில் வந்து நிற்கும் 129-ஐ என்ன செய்வது? இதில் ரன்டைம்கள் பிரிகின்றன. என் முடிவை நிர்ணயித்ததும் இந்தப் பிரிவுதான்.

பைத்தான் நின்றுவிடும். 'கேரக்டர் மேப்ஸ் டு அன்டிஃபைன்ட்' என்று பிழை சொல்லி, அந்த வரியிலேயே விழும். பார்க்க அசிங்கம்தான், ஆனால் தரவு கெடாது.

ஜாவாவில் ஃபைலைப் படிக்கும் பழைய கருவியான ஃபைல்ரீடர் நிற்காது. தெரியாத பைட்டுக்குப் பதில் கறுப்பு வைரக் குறியை வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். ஃபைல்ரைட்டர் திரும்ப எழுதும்போது, அந்த வைரம் 1252-இல் இல்லாததால் கேள்விக்குறியாக, 63 என்ற பைட்டாக விழும். உகரம் 224, 175, 63 ஆகிறது. புள்ளியும் 224, 175, 63 ஆகிறது. இரண்டில் எது போனது என்று இனி எந்தப் புரோகிராமாலும் சொல்ல முடியாது. ரைட்டர் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்துத்தான் சரிசெய்தார். காலி இடத்துப் பைட்டை அப்படியே கடத்தும் வேறு கருவி ஒன்று 1252 என்று படித்து யூடிஎஃப்-8 என்று எழுதிய ஃபைல் என்றால், அது பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பின்னோக்கி ஓட்டிப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வைரமோ கேள்விக்குறியோ விழுந்துவிட்டால் போனது போனதுதான்.

அதே ஜாவா 8-இல் இன்னொரு வாசல் இருக்கிறது. ஃபைல்ஸ் என்ற வகுப்பின் நியூபஃபர்ட்ரீடர் மூலம் திறந்தால், எதுவும் சொல்லாவிட்டாலும் யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளும்; பைட் தப்பாக இருந்தால் நின்றுவிடும். ஒரே வீட்டில் முன்வாசலுக்கு ஒரு சட்டம், கொல்லைப்புறத்துக்கு ஒரு சட்டம். எழுதியவர் எந்த வாசலில் நுழைந்தார் என்பதைப் பொறுத்து முருகனின் தலையெழுத்து.

எஸ்டேட்டில் என்னைப் போல ஆள் உட்கார்ந்திருப்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போட வேண்டும். அந்த நேரத்தில் தப்பான பட்டியல் அச்சாகி வருவதைவிட, புரோகிராம் நின்று ஃபோன் வருவது எவ்வளவோ மேல். எந்த வழியை எடுத்தாலும், அது தோற்கும்போது சத்தம் போட்டுத் தோற்குமா என்பதுதான் என் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி: லேப்டாப் மாறினால், ஆள் மாறினால், அந்த வழி கூடவே வருமா?

யார் எதை நினைத்துக்கொள்கிறார்கள்

பைத்தான் 3-இல், 3.14 வரை, ஓப்பன் என்று ஃபைலைத் திறந்தால், சொல்லாதபோது இயங்குதளத்தின் லொகேலை, அதாவது மொழி-வட்டார அமைப்பைக் கேட்கும். லினக்ஸிலும் மேக்கிலும் பொதுவாக யூடிஎஃப்-8 என்று பதில் வரும், விண்டோஸில் 1252. திரையில் அச்சிடுவது தனிக் கணக்கு. 3.6 முதல் விண்டோஸ் கன்சோலுக்குத் தமிழ் ஒழுங்காகவே போகிறது. அதே வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பிவிட்டால் மறுபடி 1252, உடனே பிழை. "ஸ்கிரீன்ல வருதுங்க, ஃபைல்ல வரலைங்க" என்று யாராவது சொன்னால் நம்புங்கள், உண்மைதான்.

ஜாவா 2022 மார்ச்சில் வந்த 18-ஆம் பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளத்திலும் யூடிஎஃப்-8 என்று மாறிவிட்டது. ஜாவாவின் மாற்றத் திட்டங்களில் ஜெப் 400 என்ற முடிவு. அதற்கு முன் லொகேல் சொன்னதே வேதம். நம் ஊரில் இன்னும் ஜாவா 8-உம் 11-உம் ஓடும் கம்ப்யூட்டர்கள் ஏராளம் என்பதால், இந்த நல்ல செய்தி பலருக்கு எட்டவில்லை.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் படிப்பு, எழுத்து இரண்டின் இயல்பும் யூடிஎஃப்-8 என்பதால் அங்கே பெரிய தொல்லை இல்லை. பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் 'என்கோடிங் டீஃபால்ட்' என்று எழுதியிருந்தால் மட்டும் அது 1252-ஐக் குறிக்கும். புதிய டாட்நெட் கோரில் அதே சொல் யூடிஎஃப்-8. பெயர் ஒன்று, ஆள் இரண்டு. கோ, ரஸ்ட் என்ற மொழிகள் பிறக்கும்போதே யூடிஎஃப்-8. கோவின் மூலவர் மூவரில் இருவர் தாம்ப்சனும் பைக்கும் என்றால் வேறு எப்படி இருக்கும்? ரூபி மொழி 3.0 முதல் விண்டோஸிலும் யூடிஎஃப்-8. ஆர் மொழியும் 4.2-இல் புதிய விண்டோஸ்களில் அதற்கு மாறிவிட்டது.

தனியாகச் சொல்ல வேண்டியது, விண்டோஸில் கட்டளை தட்டி வேலை வாங்கும் பவர்ஷெல். விண்டோஸோடு வரும் 5.1 பதிப்பில், வெளியீட்டை அம்புக்குறி போட்டு ஃபைலுக்கு அனுப்பினால் அது யூடிஎஃப்-16, யூனிகோடையே வேறு பைட்டுகளில் எழுதும் முறை. செட்-கன்டென்ட் என்றால் 1252. எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி என்றால் இங்கிலீஷ் எழுத்து மட்டும் தெரிந்த ஆஸ்கி, தமிழ் எழுத்து மொத்தமும் கேள்விக்குறி. ஒரே கருவியில் மூன்று கட்டளைக்கு மூன்று நினைப்பு. 6-ஆம் பதிப்பிலிருந்து எல்லாம் யூடிஎஃப்-8. ஆனால் அதைத் தனியாக நிறுவ வேண்டும். இரவில் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் 5.1-இல் ஓடுகிறதென்றால், இன்றைக்கே அந்த பேக்கப்பைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

"லினக்ஸ் என்றால் யூடிஎஃப்-8, கவலை இல்லை" என்பதும் முழு உண்மை கிடையாது. நீங்கள் உள்நுழைந்து ஓட்டும்போது லொகேல் இருக்கும். குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரான் ஓட்டும்போது பெரும்பாலும் இருக்காது. புரோகிராமைத் தேவையானதோடு மட்டும் கட்டி அனுப்பும் சின்ன டாக்கர் இமேஜ்களிலும் இருக்காது. லொகேல் இல்லாத இடத்தில் ஜாவா 17 வரை ஆஸ்கி என்று முடிவுகட்டிவிடும். பைத்தான் 3.7 முதல் அந்த நிலையில் தானாகவே யூடிஎஃப்-8-க்குத் தாவிக்கொள்கிறது.

வேறு மொழிக்காரர்கள் எழுதும் ஆலோசனைகளில் "பயனரின் லொகேலை மதியுங்கள்" என்று வரும். ஜப்பானியருக்கு 932 என்ற கோட் பேஜ் உண்டு, அதில் ஜப்பானிய எழுத்து இருக்கிறது. தாய் மொழிக்கு 874, வியட்நாமியருக்கு 1258, கிரேக்கருக்கு 1253. அவர்கள் லொகேலை மதித்தால் பாதி நேரமாவது சரியாக வரும். தமிழுக்கு விண்டோஸில் அப்படி டீஃபால்ட்டாக வைக்கக்கூடிய கோட் பேஜ் இருந்ததே இல்லை. விண்டோஸ் 2000-இல் தமிழ் வந்தபோதே யூனிகோடாகத்தான் வந்தது. ஆகவே நம் ஊர் விண்டோஸ் லேப்டாப்பில் இந்தப் பழைய டீஃபால்ட் தற்செயலாகக்கூடச் சரியாக இருக்க வழியில்லை. ஒரு தமிழ் எழுத்தைக்கூட அதனால் பிடிக்க முடியாது. லொகேலை மதிக்கச் சொல்லும் வழியை இதனாலேயே முதலில் தள்ளிவிட்டேன்.

விண்டோஸில் ஒரு டிக்

எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான், சுலபம் என்பதால். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து, வட்டார அமைப்புகளுக்குள் போனால் 'உலக மொழிகளுக்கு யூடிஎஃப்-8 பயன்படுத்து' என்ற பொருளில் ஒரு பெட்டி இருக்கிறது. பக்கத்திலேயே பீட்டா என்றும் எழுதியிருக்கும். டிக் செய்து ரீஸ்டார்ட் செய்தால், அந்த மெஷினில் 1252 இருந்த இடத்தில் யூடிஎஃப்-8 உட்கார்ந்துவிடும். லொகேலைக் கேட்கும் புரோகிராம்களுக்கெல்லாம் ஒரே அடியில் தீர்வு.

எஸ்டேட் லேப்டாப்பில் அது மட்டுமே ஓடினால் நானும் செய்திருப்பேன். ஆனால் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு வியாபாரியின் கடையில் இதே டிக்கைப் போட்டுவிட்டு நான் வாங்கிய வசவு மறக்காது. அங்கே பழைய விஷுவல் பேசிக்கில் எழுதிய பில் புரோகிராம் ஓடுகிறது. அதன் தமிழ், யூனிகோடு தமிழே கிடையாது. 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய டாப் என்ற குறியாக்கம் போல, 128-க்கு மேற்பட்ட எண்களில் தமிழ் எழுத்து உருவங்களை உட்கார வைத்த எழுத்துரு வகை. கம்ப்யூட்டருக்கு அது ஐரோப்பிய எழுத்து. எழுத்துரு மாட்டியிருப்பதால் நம் கண்ணுக்குத் தமிழ். இந்த ஏற்பாடு மொத்தமும் 1252 என்ற தரையில் நின்றுகொண்டிருக்கிறது. டிக் போட்டதும் தரை போய்விட்டது. அந்தப் பைட்டுகள் யூடிஎஃப்-8 விதிப்படி செல்லாதவை. பில் முழுக்கக் கட்டம் கட்டமாக அடித்தது. டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்யும் வரை வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கடைக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

2010-இலேயே அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது என்றாலும் டிடிபி கடைகளிலும் பழைய பில் மெஷின்களிலும் அந்தத் தமிழ் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால் என் கணக்கில் இந்தப் பெட்டி கடைசி வழி. லேப்டாப் மாறினால் டிக்கும் போய்விடும் என்பது இன்னொரு குறை. புதிதாக லேப்டாப் வாங்கி வருபவருக்கு இப்படி ஒரு டிக் இருந்ததே தெரியாது. ஒரு புரோகிராமை மட்டும் யூடிஎஃப்-8-க்கு மாற்ற 1903 பதிப்பு முதல், புரோகிராமோடு வரும் மேனிஃபெஸ்ட் என்ற விவரக் குறிப்பில் வழி இருக்கிறது. ஆனால் அது நீங்களே கட்டும் விண்டோஸ் புரோகிராமுக்குத்தான் உதவும்.

வேரியபிளும் புதுப் பதிப்பும்

அடுத்தது, டீஃபால்ட்டை ரன்டைமின் வாசலில் மாற்றுவது. பைத்தானுக்கு பைத்தான்யூடிஎஃப்8 என்ற என்விரான்மென்ட் வேரியபிளில், அதாவது இயங்குதளம் புரோகிராமுக்குக் கொடுத்தனுப்பும் அமைப்பில், 1 என்று வைத்தால் போதும், 3.7 முதல் உண்டு. ஜாவாவுக்கு ஃபைல் டாட் என்கோடிங் என்ற அமைப்பில் யூடிஎஃப்-8 என்று கொடுத்து ஓட்டுவது பல வருஷப் பழக்கம். புரோகிராமைத் தொடவே வேண்டாம். மூலநிரல் தொலைந்துபோன புரோகிராமாக இருந்தால் இதைவிட்டால் கதியும் இல்லை. முருகன் பிரச்சினைக்கு அன்று இரவு ஃபோனிலேயே நான் சொன்ன முதலுதவியும் இதுதான். புரோகிராமை ஓட்டும் கட்டளைகள் உள்ள பேட்ச் ஃபைலில் ஒரு சொல் சேர்க்கச் சொன்னேன், ரைட்டரே சேர்த்துவிட்டார்.

ஆனால் முதலுதவி முதலுதவிதான். பயனர் கணக்கில் வைத்த வேரியபிள், விண்டோஸில் நேரம் வைத்து ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர் சிஸ்டம் கணக்கில் ஓட்டும்போது தெரியாது. கையால் ஓட்டினால் சரி, இரவில் தானாக ஓடினால் தப்பு என்ற, மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் நிலை வரும். டிக்கைப் போலவே இதுவும் லேப்டாப்போடு போய்விடும். மேலும் ஜாவாவில் இப்படிச் செய்தாலும் ஃபைல்ரீடரின் குணம் மாறாது. அட்டவணை சரியாகிறது, விழுங்கும் பழக்கம் அப்படியே இருக்கிறது.

ரன்டைமையே புதுப்பிப்பது இதைவிட நல்ல வழி. ஜாவா 18-க்கு மேல், அதாவது நடைமுறையில் 21-க்குப் போனால் டீஃபால்ட் யூடிஎஃப்-8. பைத்தானிலும் 3.15 முதல் அதுவே இயல்பு என்று பெப் 686 என்ற மாற்ற முன்மொழிவு முடிவாகியிருக்கிறது. அதை எழுதியவர் இனாடா நவோக்கி என்ற ஜப்பானியர் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 932-இல் பட்டவருக்குத்தான் இந்த வலி தெரியும். புதுப்பிப்பதில் ஒரு பின்விளைவு உண்டு. ஏற்கெனவே 1252-இல் எழுதிக் குவித்த பழைய ஃபைல்கள் அன்றைக்கு முறைக்கும். ஜாவாவில் அதற்காகவே காம்பாட் என்று பழைய நடத்தைக்குத் திரும்பும் ஒரு மதிப்பு வைத்திருக்கிறார்கள். எங்கள் எஸ்டேட் புரோகிராம் நம்பியிருக்கும் ஒரு பழைய லைப்ரரி 21-இல் ஏறவில்லை. பருவம் நடுவில் இருக்கும்போது அதோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை.

எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றிவிடு என்பவர்களுக்கு: எடை மெஷினுக்கான டிரைவர் விண்டோஸுக்கு மட்டும்தான் இருக்கிறது, ரைட்டருக்கு எக்ஸெல் வேண்டும். சரி, அடுத்தது.

பெயர்களை இங்கிலீஷில் வைத்துக்கொண்டால் என்ன என்றும் ஒருவர் கேட்டார். முருகனுக்கு இங்கிலீஷில் மூன்று விதமாக எழுத்துக்கூட்டுவார்கள், செக்ரோலும் சம்பளப் பட்டியலும் ஒத்துப்போகாது. கையெழுத்துப் போடுபவர் தன் பெயரைத் தமிழில் படித்துவிட்டுத்தான் போடுவார்.

ஒவ்வொரு வாசலிலும் எழுதிவைத்தோம்

கடைசியில் எடுத்தது சலிப்பான வழி. ஃபைல் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும், படிக்கவும் எழுதவும், யூடிஎஃப்-8 என்று கையால் எழுதினோம். ஜாவாவில் ஃபைல்ரீடரையும் ஃபைல்ரைட்டரையும் மொத்தமாகத் தூக்கிவிட்டு, தப்பான பைட் வந்தால் நிற்கும் ஃபைல்ஸ் வாசலுக்கு மாற்றினோம். அதுவும் சொல்லாவிட்டாலும் யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும்தான். இருந்தாலும் எழுதினோம், அடுத்து படிப்பவருக்குத் தெரிய வேண்டுமே. பைத்தானில் இப்படி விட்டுப்போன இடங்களைத் தேட, 3.10 முதல் ஓர் எச்சரிக்கை வசதி இருக்கிறது. அதை இயக்கி ஓட்டினால், என்கோடிங் சொல்லாமல் ஃபைல் திறந்த வரிகள் ஒவ்வொன்றையும் காட்டிக்கொடுக்கும். எங்கள் பைத்தான் பக்கம் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டிப் பார்த்தபின் அந்த நினைப்பு போய்விட்டது.

இதற்கு ஆன செலவு இரண்டு நாள் வேலை. அது புரோகிராமுக்குள்ளேயே இருப்பதால் லேப்டாப் மாறினாலும் வரும். மலைக்கு மேலோ கீழோ ஒன்றுபோல ஓடும். தப்பான ஃபைல் வந்தால் நிற்கும். ஜாவா 21-க்குப் போகும் நாளிலும் இது வீணாகாது.

எக்ஸெல் மட்டும் இந்த ஒழுங்குக்குள் வரவில்லை. சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறந்தால், ஃபைலின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட் அடையாளம் இருந்தால்தான் அது யூடிஎஃப்-8 என்று நம்பும். பாம் என்பார்கள். அதை வைத்து எழுதினால் எக்ஸெலுக்குச் சந்தோஷம். ஆனால் ஜாவா அதை நீக்காது, முதல் பத்தியின் தலைப்போடு கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். 'எண்' என்ற தலைப்பைத் தேடினால் கிடைக்காது, திரையில் பார்த்தால் இருக்கும். அதனால் ரைட்டர் திறக்கும் ஃபைலுக்கு மட்டும் பாம் வைத்து எழுதுகிறோம். புரோகிராமுக்குப் புரோகிராம் போகும் ஃபைலில் வைப்பதில்லை. படிக்கும்போது இருந்தால் வெட்டிவிடுகிறோம். பைத்தானில் இதற்கென்றே 'சிக்' என்ற வால் வைத்த ஒரு யூடிஎஃப்-8 பெயர் உண்டு, இருந்தாலும் இல்லாவிட்டாலும் படித்துக்கொள்ளும்.

என்கோடிங் சரியாகிவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. 'கொலுசு' என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். இரண்டும் செல்லுபடியாகும் யூடிஎஃப்-8. முதல் வகையில் 18 பைட், இரண்டாவதில் 21. பழைய மேக்குகளில் ஃபைல்களைச் சேமிக்கும் முறையான எச்எஃப்எஸ் பிளஸ், ஃபைல் பெயர்களை இரண்டாவது வகைக்குப் பிரித்துவிடும். தேடும்போது இரண்டும் ஒன்றாகாது. அதற்கு, இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் நார்மலைசேஷன் என்று வேறு மருந்து இருக்கிறது. மேக் வைத்திருக்கும் கொலுசுக் கடைக்காரர் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சோதனைக்கு இப்போது நான்கு பெயர் வைத்திருக்கிறேன்: முருகன், ஏழுமலை, ஐயம்மாள், பொன்னுசாமி. காலியான நான்கு இடங்களும், பிரியும் ஒகரமும் இவர்களிடம் இருக்கின்றன. இவர்கள் முழுசாக உள்ளே போய் முழுசாக வெளியே வந்தால்தான் புதுப் பதிப்பு மலையேறும்.

இரண்டு வாரம் கழித்து சனிக்கிழமை நாலரைக்கு ரைட்டர் கூப்பிட்டார். "தம்பி, புரோகிராம் ஓடாம நின்னுருச்சுங்க, ஏதோ இங்கிலீஷ்ல திட்டுது." எடை ஃபைலை யாரோ பவர்ஷெல்லில் நகல் எடுத்திருந்தார்கள், அது யூடிஎஃப்-16 ஆகி வந்து வாசலில் மாட்டியிருந்தது. "அண்ணா, மூல ஃபைல் பழைய ஃபோல்டர்லயே இருக்கும், அதைக் கொடுங்க" என்றேன். கொடுத்தார். ஐந்து மணிக்கு முருகன், முருகன் என்றே கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கினார்.